மழை செட்டிங்

ஏறுங்ணா, ஏறுங்க. இந்த மழையில நனைஞ்சுட்டு நின்னா பஸ்ஸு வந்துருமா? மேல எங்கயோ மண்ணு சரிஞ்சிருச்சுன்னு கோத்தகிரி பஸ்ஸையெல்லாம் நிப்பாட்டிட்டாங்க. இனி நாளைக்குத்தான். சின்னக் காரு நுழையற அளவுக்கு வழி இருக்குதாமா. நான் மேலதான் போறேன், ஏறுங்க. பின்னாடி இல்லீங்ணா, அங்க அரிசி மூட்டை கெடக்குது. முன்னாடி, என்ற பக்கத்துல. கதவை ஓங்கிச் சாத்துங்க. இன்னொருக்கா. ஆங், அவ்வளவுதான். புதுக் கதவு, அதான் இறுக்கமா இருக்குது. கலரும் பாத்தீங்கன்னா ஒரு பொட்டு மாறியிருக்கும். பட்டறைக்காரர் எவ்வளவோ கலந்து பாத்தாரு, சேரல.

பைய பின்னாடி போடாதீங்க! மடியிலயே இருக்கட்டும். என்ன இருக்குது, ஒரு அஞ்சு கிலோ இருக்குமா? நீங்க ஒரு அம்பது இருப்பீங்களா? சும்மாதான் கேட்டேன். ஒல்லியா இருக்கீங்கல்ல. நல்லதுங்க. அஞ்சும் அம்பதும், சரியா வந்துருது. ஸ்டாண்டுல உங்களுக்கு முன்னாடி ஒரு தாட்டியான மனுசன் கைய நீட்டி நீட்டிக் காட்டுனாரு. நிக்காம வந்துட்டேன். பாவந்தான், என்ன பண்றது.

பெல்ட்ட மாட்டிக்கங்க. அந்தக் கொக்கி ஒருக்கா நசுங்கி நிமுத்துனது, மாட்டிட்டா கழட்டறது கொஞ்சம் பாடு. எறங்கறப்ப நானே கழட்டி உடறேன். எனக்கா? எனக்கு வேண்டாமுங்க, பழக்கமில்ல. அந்த மஞ்ச லைட்டா? அது அப்படித்தான் எரிஞ்சுட்டு இருக்கும், கண்டுக்காதீங்க.

என்ன விசயமா மேல போறீங்க? பேத்தியா! அட, நல்ல சேதிங்ணா. மொதப் பேத்தியா? அப்பப் பையில இருக்கறது பச்சப் புள்ளைக்குத் துணியா? பழைய வேட்டி கிழிச்சதுதான் நல்லது, புதுத்துணி ஒறுத்தும். கருப்பட்டி வாசமும் வருது. கவலைய உடுங்க, பொழுது சாயறதுக்குள்ள புள்ள மொகத்தப் பாத்தர்லாம். நானும் என்ற ஊட்டுக்காரிய பாக்கத்தான் போறேன். அவளுக்கு அம்மா ஊடு கோத்தகிரி. அங்க போயி உக்காந்துட்டா. வர மாட்டேங்குறா.

சொல்றேன், சொல்றேன். வழி நெடுக இருக்குதில்ல.

என்ற பேரு பூபதிங்க. கோயமுத்தூர்ல மோட்டாருக்கு ஷாஃப்ட் கடையற கம்பெனியில செட்டரு. செட்டருன்னா தெரியுமில்லீங்க? காலையில மிசினுக்கு டூல் மாட்டி, அளவு குடுத்து, மொத பீஸ நானே ஓட்டி, மைக்ரோமீட்டர்ல புடிச்சுப் பாத்து, சரின்னு கையெழுத்துப் போட்டு ஆப்பரேட்டர் கையில குடுத்துருவேன். அதுக்கப்புறம் அவன் பொத்தான அமுக்கறது மட்டுந்தான். மொத பீஸ் சரியா இருந்துச்சுன்னா செட்டர் மேல பழியில்ல. பின்னாடி வர்ற பீஸு கெட்டா அது ஆப்பரேட்டர் குத்தம். எங்க கம்பெனியில அதுதான் சட்டம். ஆனா ஆப்பரேட்டர் ஒத்துக்குவானா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். "அண்ணா, செட்டிங் ஓடிருச்சு" ம்பான். வாயில நல்லா வருமுங்க எனக்கு. நீ புடிக்கத் தெரியாம புடிச்சுட்டு என்ற செட்டிங்கக் கொற சொல்றியாடா?

கோவப்படலீங்ணா. பேச்சே அப்படித்தான். சுகந்தியும் சொல்லுவா, உங்களுக்கு நல்ல சேதி சொன்னாக்கூட அடிக்க வர்ற மாதிரி இருக்குதுன்னு.

செக்போஸ்ட்டு வந்துருச்சு. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். கண்ண மூடிச் சாஞ்சுக்கங்க. சும்மா சாஞ்சுக்கங்ணா, நான் பாத்துக்கறேன்.

ஏனுங்க சார், ஆஸ்பத்திரி கேசுங்க. இவரு புள்ள மேல பெரசவத்துக்குப் படுத்திருக்குது, இவருக்கே படபடப்பா வருதுங்குறாரு. பாத்துத்தானுங்க போறேன். சரிங்க. சரிங்க சார். ரொம்ப நன்றிங்க.

பாத்தீங்களா, கம்பியத் தூக்கிட்டாரு. பொய்யென்ன சொல்லிட்டேன், பாதி நெசந்தான? என்னது, ஆரன் அடிச்சுட்டே போகச் சொன்னாரா? மேல மண்ணு அள்ளிட்டிருக்காங்கன்னு சொன்னாரு, அவங்க பாட்டுக்கு அள்ளட்டும். மேல இருந்து வண்டி ஒண்ணும் எறங்காது, அந்தப் பக்கமும் அடைச்சாச்சு. எனக்கு அதுதான் வேணும். ரோடு முச்சூடும் நம்முளுது. இப்படி ஒரு நாளுக்குத்தான் ஐப்பசி பொறந்ததுல இருந்து வானத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஆரனெல்லாம் எதுக்குங்ணா. ரேஸுல ஆரனே கெடையாது.

ஆமாங்க, ரேஸு. நெசக் காரு இல்ல, கம்ப்யூட்டர்ல. சிரிக்காதீங்க. பசங்க போன்ல தட்டிட்டு இருக்கறது இல்லீங்க இது. பழைய வேன் சீட்டு ஒண்ண வாங்கி, நானே இரும்புல சட்டம் பத்தவெச்சு, ஸ்டியரிங்கு, பெடலு எல்லாம் பூட்டி, மேல ரூம்ல போட்டிருக்கேன். ஸ்டியரிங் கைய இழுக்குமுங்க, நெசம் மாதிரியே. சக்கரம் வழுக்குச்சுன்னா உள்ளங்கையில தெரியும். உலகம் பூராத்துல இருந்தும் ஒரே நேரத்துல ஓட்டுவாங்க. காஞ்ச ரேஸுல நான் ஒண்ணும் பெரிய ஆளில்ல, ஒத்துக்கறேன். ஆனா மழை ரேஸு வந்துச்சுன்னா எல்லாரும் பூபதி வந்துட்டானான்னுதான் கேப்பாங்க. மழை பூபதின்னே பேரு. என்ற செட்டிங்க வாங்கி ஓட்டறதுக்கு ஈரோட்டுல இருந்து மலேசியா வரைக்கும் ஆளு இருக்குது.

சுகந்தி என்ன சொல்லுவா தெரியுமுங்களா? "வெளிய மழை பேஞ்சா மாடியில துணி எடுக்க வர மாட்டீங்க, பொட்டிக்குள்ள மழை பேஞ்சா மட்டும் சோத்துத் தட்ட வெச்சுட்டு ஓடறீங்க." நல்லாப் பேசுவா. இப்பத்தான் பேச்ச நிறுத்திட்டா.

மழைக்குச் செட்டிங் போடறது ஒரு கலைங்ணா. காஞ்ச ரோட்டுக்குக் காரு இறுக்கமா இருக்கோணும். மழைக்குத் தளத்தோணும். ஸ்பிரிங்க எளக்கமா வெக்கோணும், காரு கொஞ்சம் ஒசரமா நிக்கோணும், வளைவுல சாயாமப் புடிக்கிற கம்பி ஒண்ணு இருக்குது, அதைத் தளத்தி உடோணும். டயருக்குக் காத்து மாத்தோணும். அப்பறம் பிரேக்கு. கம்பெனிக்காரன் முன்சக்கரத்துக்கு எச்சா, பின்சக்கரத்துக்குக் கம்மியாக் குடுத்திருப்பான். மழையில மெதுவாத்தான பிரேக்கு புடிப்போம், பாரம் முன்னாடி வராது, அதனால கொஞ்சம் பின்னாடி தள்ளோணும். இதெல்லாம் பண்ணிட்டீங்கன்னா காரு வெண்ணெயாட்டம் போகும்.

இருக்கறதுலயே பெரிய ரகசியம் ஒண்ணு சொல்றேன், யாருக்கும் சொல்றதில்ல. எந்தத் தடத்துல எல்லாரும் போறாங்களோ, மழையில அந்தத் தடத்துல போகக் கூடாது. ஏன்? ஓடி ஓடி அங்க ரப்பர் படிஞ்சு வழவழன்னு கெடக்கும், தண்ணி பட்டா அதுதான் மொதல்ல வழுக்கும். யாரும் போகாத வெளி ஓரம் இருக்குது பாருங்க, அங்கதான் சொரசொரப்பு இருக்கும். வளைவுல எல்லாரும் உள்ள ஒட்டிப் போவான். நம்ம வெளிய அகட்டிப் போவோம். போறப்பப் பயமா இருக்கும். ஆனா அங்கதான் புடிப்பு.

என்னங்ணா, கைப்புடியப் புடிச்சுக்கிட்டீங்க? வண்டி கொஞ்சம் ஆடுதா? ஆடத்தான் செய்யும். எளக்கி உட்டிருக்குதில்ல.

ஆமாங்க, இந்தக் காருதான். இதுக்கும் அதே செட்டிங்குதான் போட்டிருக்கேன். ஏன் போடக் கூடாது? கேம்ல இருக்கறதும் நாலு சக்கரம், இதுவும் நாலு சக்கரம். அங்க இருக்கற மழையும் மழைதான். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் காரை ஜாக்கியில ஏத்தி, நானே கீழ படுத்துப் பண்ணுனேன். எளக்கமான ஸ்பிரிங்கு மாத்துனேன், கம்பியத் தளத்துனேன், பின் பிரேக்குக்குப் போற வால்வத் திருகி எச்சாக் குடுத்தேன். சக்கரம் வழுக்குச்சுன்னா பிரேக்க உட்டு உட்டுப் புடிக்கற பொட்டி ஒண்ணு வருமுங்க இப்பத்திக் காருல, அதையும் கழட்டி உட்டேன். நம்ம கணக்குக்குக் குறுக்க வருமுங்க அது. அந்த மஞ்ச லைட்டு அதுக்குத்தான் எரியுது.

நிறுத்தறதா? எதுக்குங்க? டீயா? மேல போயிக் குடிச்சுக்கலாம். இந்தக் கடையில டீ தண்ணியாட்டம் இருக்கும்.

சுகந்திக்கு ஒரு தம்பி. நவநீதன். தங்கமான பையன். கண்ணாலமாகி நான் அந்த ஊட்டுக்குப் போறப்ப அரை டவுசரு. என்ற மேல அவனுக்கு அப்படி ஒரு பாசம். மாமா மாமான்னு சுத்திச் சுத்தி வருவான். காலேஜு முடிச்சுட்டு நம்ம ஊட்டுலயே தங்கி வேலைக்குப் போயிட்டு இருந்தான். சாயங்காலம் வந்து மேல ரூம்ல உக்காந்தான்னா எந்திரிக்க மாட்டான். நான் செட்டிங் போடுவேன், அவன் ஓட்டுவான். சொன்னதச் சொன்னபடி செய்வான், நல்ல ஆப்பரேட்டரு. வெளிய அகட்டிப் போடா மாப்ளன்னா, மறுபேச்சுப் பேசாமப் போவான். ஆரம்பத்துல பள்ளத்துல உருண்டுட்டே கெடந்தான். உருண்டா என்ன? ஸ்டியரிங்குல எடதுகைக் கட்டவெரலுக்கு நேரா ஒரு பட்டன் இருக்குது. அத ஒரு அமுக்கு அமுக்குனா, காரு மறுபடியும் ஆரம்பிச்ச எடத்துல அலுங்காம வந்து நிக்கும். நாங்க ரெண்டு பேரும் அமுக்கி அமுக்கி அந்தப் பட்டன் மேல இருந்த எழுத்தே அழிஞ்சு போச்சு.

போன ஐப்பசியில, இதே மாதிரி மழை. மாமியாருக்கு ரெண்டு மூட்டை அரிசி கொண்டு போகோணும். வயல் அரிசி, வருசா வருசம் நானும் சுகந்தியும் போயிக் குடுத்துட்டு வருவோம். அன்னைக்கும் நாந்தான் போயிருக்கோணும். ஆனா அன்னைக்குப் பாத்து எனக்கு லீக் போட்டியில கடைசி ரேஸு. மழை ரேஸுங்ணா! வருசம் பூரா அதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். இன்னொரு நாளைக்குப் போலாம்னா சுகந்தி மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டா. நவநீதன்தான், "மாமா, நீங்க ரேஸப் பாருங்க, அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன், நம்ம மழை செட்டிங்குதான போட்டிருக்குது"ன்னான். சாவியக் குடுத்தேன். வெளிய அகட்டிப் போ மாப்ளன்னு சொல்லித்தான் அனுப்புனேன். வாசல்ல நின்னு சொன்னேன்.

ரேஸு பிரமாதம். அப்படி ஒரு ரேஸ நான் ஓட்டுனதே இல்ல. பாதியில பேய் மழை, முன்னாடி போனவனெல்லாம் சுத்திச் சுத்தி விழறான். நான் வெளி ஓரமாவே போயி ஒவ்வொருத்தனாத் தாண்டறேன். ஜெயிச்சுட்டேனுங்க. மொத எடம். காதுல ஹெட்போன், எல்லாரும் மழை பூபதி, மழை பூபதின்னு கத்தறாங்க. கழட்டி வெச்சுட்டுப் பாத்தா போனுல சுகந்தி நம்பரு வரிசையா நிக்குது. அப்பறம் தெரியாத நம்பருக நாலஞ்சு. போனு பக்கத்துலதான் இருந்திருக்குது, அடிச்சது கேக்கல. ஹெட்போன் போட்டா எப்படிங்க கேக்கும்?

பலாமரத்து வளைவுன்னு ஒண்ணு வரும் பாருங்க, அங்கதான். எடது பக்கம் கரும்பாறை, வலது பக்கம் பள்ளம். காரு வழுக்கி அப்படியே திரும்பி, சுகந்தி பக்கத்துக் கதவு பாறையில அடிச்சு நின்னுருச்சு. நவநீதன் பெல்ட்டு போடல. ரூம்ல இருக்கற சீட்டுக்குப் பெல்ட்டே கெடையாதுங்களே, அவனுக்குப் பழக்கமில்ல. எதுத்த கதவு தொறந்து பள்ளத்துல போயிட்டான். தூக்கிட்டு வர்றப்பவே உசுரு இல்லைன்னாங்க. சுகந்திக்கு எடது கை. இன்னைக்கு வரைக்கும் தலைக்கு மேல தூக்க முடியாது. தலைய வேறொருத்தர் சீவி உடோணும்.

ஆமாங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த சீட்டுதான். நல்லாக் கழுவியாச்சுங்க, சங்கடப்படாதீங்க.

அழுகாம இருப்பனாங்க? என்ற மாப்ளை. அழுதேன், அழுதேன், மூணாம் நாளு வரைக்கும் அழுதேன். ஆனா பாருங்க, எழவு ஊட்டுல உக்காந்து மாமியாரு ஊட்டு ஒறம்பரை சனம் பூராவும் என்னையே பாக்குது. ஒருத்தரு வந்து "ஏம்ப்பா, காருல என்னமோ பண்ணி வெச்சியாமா?"ங்குறாரு. என்னமோவாம்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம். பட்டறைக்குப் போனா, அவரு வால்வக் கையில புடிச்சுட்டு, "யாருங்க இதத் திருகுனது? பின்சக்கரம் சுத்தாமக் கட்டிக்கிட்டு நிக்குமே, சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே"ங்குறாரு. ஏன், நாந்தான் திருகுனேன். உனக்கு மழை ரேஸப் பத்தி என்னய்யா தெரியும்? அவரு பழையபடி மாத்தித்தான் குடுத்தாரு. ஊட்டுக்கு வந்து மறுபடி திருகி வெச்சேன். செட்டிங்குல தப்பில்லீங்ணா. தப்பிருந்தா நானே சொல்லியிருப்பேன்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. காருல கண்ணாடிக்குக் கீழ கேமரா வெச்சிருந்தேன். எல்லாம் பதிவாகியிருக்குது. எத்தனை தடவை பாத்திருப்பேன்! சுகந்தி சொல்றா, "தம்பி, நடுவுல போடா, ஓரத்துல பாசியா இருக்குது." அவன் சொல்றான், "இல்லக்கா, மாமா சொல்லியிருக்காரு, வெளியதான் புடிப்பு." கேட்டீங்களா? கடைசி வரைக்கும் என்ன நம்புனான் பாருங்க. செட்டிங்கும் சரி, தடமும் சரி. என்ன தப்புப் பண்ணுனான்னா, பயந்துட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டான். எஞ்சின் சத்தம் சடார்னு எறங்குது, நல்லாக் கேக்குது. காலை எடுத்தா எளக்கமான காருல பாரம் முன்னாடி ஓடிரும், பின்பக்கம் புடிப்பு அத்துக்கும். ரூம்ல நூறு தடவை சொல்லிக் குடுத்திருக்கேன். காலை எடுக்காதடா, எடுக்காதடான்னு. எடுத்துட்டான்.

அப்பறம் ஒண்ணு. ஆஸ்பத்திரியில சுகந்தி சொன்னா. கண்ணு தொறந்ததும் அதத்தான் சொன்னா. வண்டி சுத்தறப்ப அவன் கத்தலையாமா, பிரேக்குகூட மிதிக்கலையாமா. எடதுகைக் கட்டவெரல்ல ஸ்டியரிங்க அமுக்கிட்டே இருந்தானாமா. அமுக்கி அமுக்கி உட்டானாமா. "எதுக்கு அமுக்குனான், எதுக்கு அமுக்குனான்"னு என்ற சட்டையப் புடிச்சுக் கேட்டா. நேரத்த வீணாக்கிட்டான். அந்த நேரத்துக்குக் காலத் திருப்பி வெச்சிருந்தான்னா காரு நேராயிருக்கும்.

இல்லீங்ணா, எறக்கி உட முடியாது. இந்தக் காட்டுல எறங்கி எங்க போவீங்க? ஆனை நிக்கும். பெல்ட்டப் போட்டு இழுக்காதீங்க, இன்னும் சிக்கிக்கும். போனு எடுக்காது, இங்க டவர் இல்ல. என்னயப் பாத்தா பயமா இருக்குதுங்களா? பேத்தி பொறந்தவர இப்படிப் பதற வெப்பனா நான்? நிதானமாத்தான ஓட்டறேன்.

அப்பறம் அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. போன் பண்ணுனா எடுக்கறதில்ல. பொங்கலுக்குப் போனேன், கதவத் தொறக்கல. உள்ள இருந்தே சொன்னா. "அதே காருல, அதே அரிசி மூட்டையோட, அதே மழையில, நீங்க ஒருநாளு அந்த வளைவுல வந்து பாருங்க. அப்பத் தெரியும் உங்களுக்கு." அவ்வளவுதான் சொன்னா. மாமியாரு, "அது வவுத்தெரிச்சல்ல சொல்றா மாப்பிள்ளை, நீங்க போங்க"ன்னுச்சு. வவுத்தெரிச்சலாவது ஒண்ணாவது. ரோசனை பண்ணிப் பாத்தா அவ சொன்னது நாயந்தானுங்க. மொத பீஸ நான் ஓட்டிக் காட்டலையே! கேம்ல ஓட்டித்தான் சரி போட்டேன், இந்த ரோட்டுல நான் ஓட்டிக் காட்டல. செட்டர் மொத பீஸ ஓட்டோணுமில்ல. ஒருக்கா நான் ஓட்டிக் காட்டிட்டா, அப்பறம் யாரு குத்தம்னு அவளுக்கே தெரிஞ்சு போகும். பொட்டியத் தூக்கிட்டு என்றகூட வந்துருவா. அவ இல்லாம அந்த ஊட்டுல இருக்க முடியலீங்ணா. மழை பேஞ்சா மாடித் துணிய இப்ப நாந்தான் எடுக்கறேன்.

சும்மா வந்துருவனாங்க, படிக்காம பரிச்சைக்குப் போற மாதிரி? இந்த ரோடு முச்சூடும் வெயில் காலத்துல வீடியோ எடுத்துட்டுப் போயி, அப்படியே கேம்ல கட்டுனேன். ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு பாறையும். அந்தப் பலாமரத்தக்கூட நட்டேன். மழைய உட்டு ஓட்டுனேன், ஓட்டிக்கிட்டே இருந்தேன். ஆரம்பத்துல நானும் அந்த வளைவுல விழுந்தேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். விழுந்தா பட்டன அமுக்குவேன், மறுபடியும் கீழ செக்போஸ்ட்ல வந்து நிக்கும். இப்பெல்லாம் விழறதே இல்ல. கண்ணக் கட்டிட்டு ஓட்டுவேன்.

எல்லாம் அன்னைக்கு இருந்த மாதிரியே வெச்சிருக்கேனுங்க. பின்னாடி அதே ரெண்டு மூட்டை. டேங்குல அதே பாதி டீசல். எடது சீட்டு மட்டுந்தான் காலியா இருந்துச்சு. சுகந்தி அம்பத்தஞ்சு கிலோ. அந்தப் பாரம் இல்லாம ஓட்டுனா நாளைக்கு அவளே சொல்லுவா, நான் உக்காந்திருந்தேன், அதனாலதான் அப்படி ஆச்சுன்னு. அவ மேல பழி வரலாமுங்களா? அதான் ஸ்டாண்டுல ஆளு பாத்தேன். நீங்க பையக் கட்டிப் புடிச்சுட்டு நின்னீங்க. சாமியாப் பாத்து அனுப்புன மாதிரி இருந்துச்சு.

அழுகாதீங்ணா. நீங்கதான் சாட்சி. மேல போனதும் ஒரு ரெண்டு நிமிசம் அவ ஊட்டு வாசல்ல வந்து, "அம்மிணி, இவரு செட்டிங்குல தப்பில்ல, நான் கூடவே உக்காந்து வந்தேன்"னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அப்பறம் நானே உங்கள ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி உடறேன்.

அங்க மிதிக்காதீங்க, உங்க பக்கம் பிரேக்கு இல்ல.

இந்தா வந்துருச்சு, பலாமரம். அந்தக் கரும்பாறை தெரியுதுங்களா? நம்ம பெயிண்டு இன்னும் அதுல ஒட்டியிருக்கும். பையக் கெட்டியாப் புடிச்சுக்கங்க. இப்ப வலது ஓரத்துக்குப் போறேன் பாருங்க. ஒருத்தரும் போகாத எடம். எப்படி? புடிக்குதா இல்லையா? சொன்னனில்ல? கொஞ்சம் ஆடுது, ஆடட்டும். இங்கதானுங்ணா அவன் காலை எடுத்தான். இதே எடம். நான் எடுக்கல. பாத்துக்கங்க, எடுக்கவே இல்ல. சுகந்தி, பாத்துக்க. நான் எடுக்கல.

என்னங்ணா? எங்க? மேல இருந்தா? வெளிச்சமா? வழியத்தான் அடைச்சிருக்குதே. மண்ணு அள்ளுன லாரியா?

இந்த ரோட்டக் கேம்ல கட்டறப்ப எதுக்கால ஒரு வண்டிகூட நான் வெக்கலீங்களே.

கத்தாதீங்ணா. என்ற கட்டவெரலப் பாக்காதீங்க. ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது, மறுபடியும் செக்போஸ்ட்ல இருந்து ஆரம்பிச்சுக்கலாம்.